‘ஹார்ட்டன்’ என்ற ஆங்கில வினைச்சொல்: ஊக்கமா, உற்சாகமா, தெம்பா?

சொல்தேடி:
ஒரு மருத்துவக் கட்டுரையைத் தமிழாக்கிக் கொண்டிருக்கிறேன். ஒரு வாக்கியம் நகர மறுக்கிறது. புது மருந்து கொடுத்துப் பார்த்த முதல் சில நோயாளிகளின் உடல்நிலை தேறத் தொடங்கியதும் டாக்டர்கள் ‘வேர் ஹார்ட்டன்ட்’ என்று இருக்கிறது. ‘மருத்துவர்கள் ஊக்குவிக்கப்பட்டனர்’ என்று போட்டால், யாரோ அவர்களைக் கூப்பிட்டுப் பரிசுத்தொகை கொடுத்த மாதிரி தொனிக்கிறது. அகராதியில் ‘ஊக்கப்படுத்து, உற்சாகமூட்டு’ என்று இரண்டே சொல். ‘என்கரேஜ்’ என்பதற்கும் அதே இரண்டு சொல். அப்புறம் எதற்கு ஆங்கிலத்தில் தனித்தனியாக வைத்திருக்கிறார்கள்? மனம் உடையச் செய்வதைச் சொல்லும் ‘டிஸ்ஹார்ட்டன்’ நிறையப் படித்திருக்கிறேன். ‘டிஸ்’ இல்லாமல் இப்போதுதான் பார்க்கிறேன்.

கடைசிபெஞ்ச்:
‘டாக்டர்கள் உற்சாகம் அடைந்தனர்.’ முடிந்தது கதை. அடுத்த வாக்கியத்துக்குப் போங்கள்.

சொல்தேடி:
அடுத்த வாக்கியம்தான் பிரச்சினையே. ‘ஆனாலும் எதையும் உறுதியாகச் சொல்ல இன்னும் பல மாதங்கள் பொறுக்க வேண்டும்’ என்கிறது. உற்சாகத்தில் துள்ளியவர்கள் உடனே இப்படிப் பேசுவார்களா?

பிழைதிருத்தி:
இரண்டு சொல்லும் ஒரே வீட்டில் பிறந்தவைதான். ‘ஹார்ட்’ என்ற இதயத்தோடு ‘என்’ விகுதி சேர்ந்து வந்தது ‘ஹார்ட்டன்’. ‘ஸ்ட்ரெங்த்’ சொல் ‘ஸ்ட்ரெங்தன்’ ஆன அதே வழி. 16ஆம் நூற்றாண்டிலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. ‘என்கரேஜ்’ பிரெஞ்சு வழியாக வந்தது. அதன் அடியிலும் இதயத்தைக் குறிக்கும் ‘கோர்’ என்ற லத்தீன் சொல்தான். பிறந்த இடத்தில் இரண்டுக்கும் ஒரே பொருள். புழக்கத்தில் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டன.

‘என்கரேஜ்’ என்றால் பெரும்பாலும் ஒரு இலக்கு இருக்கும். படி என்று ஊக்குவிக்கலாம், பாடு என்று ஊக்குவிக்கலாம். பின்னால் ‘டு’ போட்டு எந்த வினையையும் கோக்கலாம். ‘ஹார்ட்டன்’ அதற்கு இடம் தராது. ‘ஷி ஹார்ட்டன்ட் மீ டு ரைட்’ என்று எழுதினால் காதில் உறுத்தும். ஒருவரை ஒரு காரியத்தில் இறக்கிவிடுவது இந்தச் சொல்லின் வேலை இல்லை. உள்ளே வற்றிக் கிடந்தது கொஞ்சம் ஊறுகிறது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த ஆள் எழுந்து ஓடினாரா, போர்த்திக்கொண்டு படுத்தாரா என்பது இதன் கணக்கில் வராது.

‘ஹார்ட்டன்ட் டு ஹியர்’ என்று பார்த்திருப்பீர்கள். அது வேறு ‘டு’. கேட்டதால் மனசுக்குத் தெம்பாக இருந்தது என்று காரணத்தைச் சொல்கிறது. கேட்கும்படி தூண்டியதாக அர்த்தம் இல்லை.

எழுவாயையும் கவனியுங்கள். ஊக்குவிப்பது பெரும்பாலும் ஒரு ஆள். இங்கே வேலை செய்வது பெரும்பாலும் ஒரு செய்தி, ஒரு காட்சி, ஒரு சின்ன முன்னேற்றம். அதனால்தான் ஆங்கிலத்தில் இது செயப்பாட்டு வினையாகவே அதிகம் வருகிறது. அதை அப்படியே தூக்கித் தமிழில் வைத்தால் ‘ஊக்குவிக்கப்பட்டனர்’ என்று பல்லிளிக்கும். இந்த மாதிரி இடத்தில் நம் மொழி நான்காம் வேற்றுமையைத் தேடும். எனக்குப் பசித்தது, எனக்குப் பிடித்தது, எனக்குத் தெம்பு வந்தது. எழுவாயை விட்டுவிட்டு ‘மருத்துவர்களுக்கு’ என்று தொடங்கிப் பாருங்கள்.

நிலாவாசகி:
சார் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். இந்தச் சொல்லுக்கு ஒரு முன்கதை வேண்டும். ஏற்கெனவே கவலை, சோர்வு, சந்தேகம் ஏதாவது இருந்தால்தான் இது வரும். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் ஆளை ‘ஹார்ட்டன்’ செய்ய முடியாது. பத்து கோல் முன்னிலையில் இருக்கும் அணி பதினொன்றாவது கோல் போட்டால் அங்கே இந்தச் சொல்லுக்கு வேலை இல்லை. பத்து கோல் வாங்கிக் கட்டிக்கொண்ட அணி கடைசி நிமிடத்தில் ஒன்று போட்டால், அந்த அணியின் ரசிகருக்கு வருமே, அது.

ஆட்டம் தோற்றுத்தான் போகும், அதுவும் தெரியும். முடிவு இன்னும் வரவில்லை, அல்லது வந்தது சாதகமாக இல்லை, ஆனால் அறிகுறி நன்றாக இருக்கிறது என்கிற நிலைமைக்கு உரிய சொல் இது. அதனால்தான் சொல்தேடியின் டாக்டர்கள் அடுத்த மூச்சிலேயே ‘பொறுத்துப் பார்ப்போம்’ என்கிறார்கள். இரண்டு வாக்கியமும் ஒன்றோடொன்று மோதவே இல்லை.

கடைசிபெஞ்ச்:
சரி, உச்சரிப்புக்கு வருவோம். ‘லிஸன்’, ‘ஃபாஸன்’ மாதிரி இதிலும் நடுவில் ‘ட்’ ஊமையா? ‘ஹார்ஸன்’ மாதிரி ஏதாவது சொல்லி மாட்டிக்கொள்ளக் கூடாது பாருங்கள்.

பிழைதிருத்தி:
அந்தச் சொற்களில் ‘ட்’டுக்கு முன்னால் ‘ஸ்’ இருக்கிறது. லிஸன், ஃபாஸன், மாயிஸன், கிளிஸன் எல்லாமே அந்த வகை. ‘ஸாஃபன்’ என்பதில் ‘ஃப்’ அந்த வேலையைச் செய்கிறது. இங்கே முன்னால் இருப்பது ‘ர்’. ஆகவே ‘ஷார்ட்டன்’ சொல்வது போலவே ‘ஹார்ட்டன்’, ‘ட்’ ஒலிக்கும். அமெரிக்கர்கள் பலர் அந்த ‘ட்’டைத் தொண்டையிலேயே அமுக்கிவிடுவார்கள்.

இரவுப்பறவை:
அவசரமாகக் கேட்டால் ‘ஹார்டன்’ என்று காதில் விழும் ஆபத்தும் உண்டு. அது இறுகச் செய்வது. மனசு தெம்படைந்தது என்பதற்கும் மனசு கல்லாகிவிட்டது என்பதற்கும் நடுவில் ஒரே ஒரு ஒலிதான் இடைவெளி. வசன வரி எழுதுபவர்கள் ஜாக்கிரதை.

இலக்கியத்தில் வந்த ஒரு இடம் சொல்கிறேன், சொல்லின் குணம் அதில் நன்றாகத் தெரியும். ஷேக்ஸ்பியரின் ‘ஆறாம் ஹென்றி’ நாடகத்தின் மூன்றாம் பாகம், இரண்டாம் அங்கம், இரண்டாம் காட்சி. போர் தொடங்கப்போகிறது. அரசன் ஹென்றிக்கு வாளைத் தொடவே மனமில்லை. அவன் பக்கத்துப் பிரபு கிளிஃபர்ட், ‘நீங்கள் களத்தை விட்டுப் போய்விடுங்கள், நீங்கள் இல்லாதபோதுதான் ராணிக்கு நல்ல வெற்றி கிடைக்கிறது’ என்று முகத்துக்கு நேரே சொல்கிறான். ராணியும் ‘ஆமாம், போங்கள்’ என்கிறாள். அரசன் போகாமல் நிற்கிறான். அப்போது அவன் மகன், சின்னப் பையன், அப்பாவிடம் கெஞ்சுகிறான்: இந்தப் பிரபுக்களை ‘சியர்’ செய்யுங்கள், உங்களைக் காக்கப் போரிடுகிறவர்களை ‘ஹார்ட்டன்’ செய்யுங்கள், வாளை உருவுங்கள் அப்பா.

இரண்டு வினையையும் அடுத்தடுத்த வரியில் வைத்திருக்கிறார் பாருங்கள். பிரபுக்களுக்கு முகமலர்ச்சி போதும். உயிரைக் கொடுக்கப் போகிறவனுக்கு உள்ளே ஏதாவது வேண்டும். அதைத் தரச் சொல்வது, ‘நீ இல்லாமல் இருந்தாலே எங்களுக்கு நல்லது’ என்று சொந்த ஆட்களே ஒதுக்கிய ஒருவனிடம். சில காட்சிகள் தள்ளிப் பார்த்தால், சண்டை ஒரு பக்கம் நடக்க, அரசன் ஒரு மண்மேட்டில் தனியாக உட்கார்ந்து ஆட்டிடையனாகப் பிறந்திருக்கக் கூடாதா என்று ஏங்கிக் கொண்டிருக்கிறான். அவனை அங்கே விரட்டியவர்களும் அதே ராணியும் கிளிஃபர்டும்தான்.

சொல்தேடி:
அருமை. ‘டிஸ்ஹார்ட்டன்’ கூட அவரிடம் உண்டா?

இரவுப்பறவை:
உண்டு. ‘ஐந்தாம் ஹென்றி’, நான்காம் அங்கம், முதல் காட்சி. அஜின்கூர் போருக்கு முந்தைய இரவு. அரசன் மாறுவேடத்தில் தன் வீரர்களுக்கு நடுவில் உட்கார்ந்து பேசுகிறான். அரசனுக்கும் மற்றவர்களைப் போலப் பயம் உண்டு, ஆனால் அதை வெளியே காட்டினால் படையே மனம் உடைந்துவிடும் என்று, தான் யார் என்று சொல்லாமலே சொல்கிறான். அந்த ‘மனம் உடைந்துவிடும்’ என்ற இடத்தில் ‘டிஸ்ஹார்ட்டன்’ வருகிறது.

இன்றைக்குப் பார்த்தால் எதிர்ச்சொல்தான் நன்றாகப் பிழைத்திருக்கிறது. ‘டிஸ்ஹார்ட்டன்ட்’ என்று சாதாரணப் பேச்சிலேயே சொல்வார்கள். மூலச்சொல் எழுத்தோடு நின்றுவிட்டது. சோர்ந்துபோனதைச் சொல்லும் ‘டிஸ்பிரிட்டட்’ தெரிந்த பலருக்கு, உற்சாகமூட்டுவதைச் சொல்லும் ‘இன்ஸ்பிரிட்’ என்று ஒரு வினை இருப்பதே தெரியாது. சோர்வைச் சொல்ல ஆட்களுக்கு அடிக்கடி தேவைப்படுகிறது போல!

மொழிப்பித்தன்:
இதயம்தான் ஊக்கம் என்று ஆங்கிலக்காரர்கள் மட்டும் நினைக்கவில்லை, நண்பர்களே. குறள் 592 எடுங்கள்: ‘உள்ளம் உடைமை உடைமை பொருளுடைமை நில்லாது நீங்கி விடும்.’ உள்ளம் எல்லோருக்கும்தானே இருக்கிறது, அதைப் போய் ஏன் தனிச் சொத்தாகச் சொல்ல வேண்டும்? பரிமேலழகர் உள்ளம் உடைமை என்பதற்கு ஊக்கம் உடைமை என்றே உரை சொல்கிறார். அதிகாரத்தின் பெயரும் ஊக்கம் உடைமைதான். உள்ளுறுப்பின் பெயரே அதன் பலத்துக்கும் பெயர் ஆகிவிட்டது. ‘உள்ளம் இலாதவர்’ என்று 598இல் வருபவர்கள் மனசு இல்லாத கொடியவர்கள் இல்லை, ஊக்கம் இல்லாதவர்கள்.

லத்தீன் ‘கோர்’ இன்னும் எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று பார்த்தால் சுவாரசியம். ‘ரெக்கார்ட்’ அதிலிருந்து வந்தது. ஞாபகம் இதயத்தில் தங்குகிறது என்ற பழைய நம்பிக்கை. ‘பை ஹார்ட்’ என்கிறார்கள், நாம் மனப்பாடம் என்கிறோம். ‘கார்டியல்’ என்பது ஒரு காலத்தில் இதயத்துக்குத் தெம்பு தரக் குடிக்கும் மருந்து.

கடைசிபெஞ்ச்:
ஐயா, இழை எங்கேயோ போகிறது. இருந்தாலும் ஒரு சந்தேகம்: சேலையில் குத்துகிற ஊக்குக்கும் இந்த ஊக்கத்துக்கும் ஏதாவது உறவு?

மொழிப்பித்தன்:
அது ஆங்கில ‘ஹுக்’ நம் வாயில் தேய்ந்து வந்தது என்பார்கள். இந்த ஊக்கு வேறு, தமிழ் வினை. குறள் 463இல் ‘செய்வினை ஊக்கார் அறிவுடையார்’ என்று இருக்கிறது. வரப்போகும் லாபத்தை நினைத்துக் கையில் இருக்கும் முதலையும் இழக்கிற வேலையில் அறிவுள்ளவர்கள் இறங்க மாட்டார்கள் என்று பொருள். அங்கே ‘ஊக்கு’ என்பதற்கு முயல், மேற்கொள் என்று பொருள். அடுத்தவரைத் தட்டிக் கொடுப்பது இல்லை, தானே கிளம்புவது. அதனால் ‘ஊக்குவி’ என்று நாம் ஆக்கிக்கொண்ட சொல்லிலும் செயலில் இறக்கிவிடும் வாடை இருக்கத்தான் செய்யும். டாக்டர்கள் வாக்கியத்தில் அது ஒட்டாததற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

தட்டச்சுக்காரி:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். ‘எக் ஆன்’, ‘அபெட்’ இதெல்லாமும் ஊக்குவிப்பதுதானே? இவை எல்லாம் ஒரே குடும்பமா?

பிழைதிருத்தி:
வேலை ஒன்று, குணம் வேறு. ‘எக் ஆன்’ என்பதில் முட்டைக்குச் சம்பந்தம் இல்லை. பழைய நார்ஸ் மொழியின் ‘எக்யா’ என்ற வினை. கத்தி விளிம்பைக் குறிக்கும் ‘எட்ஜ்’ அதற்குச் சொந்தக்காரன். கூர்முனையால் குத்தித் தள்ளுவது போல. மதில் மேல் நிற்பவனைப் பார்த்து ‘குதிடா, குதிடா’ என்று கீழே நின்று கத்துவார்களே, அது.

‘அபெட்’ இன்னும் மோசம். பழைய பிரெஞ்சில் அதன் வேர் நாயை ஏவி விடுவது. இன்று குற்றத்துக்கு உடந்தையாக இருப்பதைச் சொல்லும் சட்டச் சொல் ஆகிவிட்டது. தமிழில் ‘உசுப்பேற்றினான்’ என்கிறோம், அந்த ‘உசுப்பு’ எதற்குச் சொல்வது? நாயை உசுப்பிவிடுவதற்கும்தான். யாரும் யாரிடமும் கடன் வாங்கவில்லை. மனிதன் மனிதனை ஏவிவிடுவதைப் பார்த்தபோது இரண்டு மொழிக்காரர்களுக்கும் நாய்தான் ஞாபகம் வந்திருக்கிறது.

‘எம்போல்டன்’ நடுவில் நிற்கிறது. துணிச்சல் தருவது. நல்லவனுக்கும் தரலாம், திருடனுக்கும் தரலாம். முதல் திருட்டில் அகப்படாதவன் அடுத்ததற்குத் துணிகிறான் என்றால் ‘எம்போல்டன்ட்’ என்று சொல்லலாம். அதே திருடன் ‘ஹார்ட்டன்ட்’ ஆனான் என்று எழுதினால், எழுதியவர் திருடனுக்குக் கட்சி கட்டுகிறார் என்று படும். இந்தச் சொல்லில் நம் அனுதாபமும் சேர்ந்தே வருகிறது.

ஏர்முனை:
இவ்வளவு பேசியும் மண்ணை விட்டுவிட்டீர்களே. சாமுவேல் ஜான்சன் 1755இல் கொண்டு வந்த அகராதியில் இந்த வினைக்கு இரண்டாவதாக ஒரு பொருள் உண்டு: எரு போட்டு நிலத்தைச் செழிப்பாக்குதல். ஒரு வருஷம் தரிசாகக் கிடந்த நிலத்தை நல்ல சாணம் இட்டு மீண்டும் ‘ஹார்ட்டன்’ செய்ய மறக்காதே என்ற பழைய செய்யுள் வரியை அதற்கு மேற்கோளாகத் தந்திருப்பார். அந்தப் பொருள் இப்போது வழக்கில் இல்லை. ஆனால் வளமான மண்ணை ‘இன் குட் ஹார்ட்’ என்று சொல்லும் பிரிட்டிஷ் வழக்கு மட்டும் இன்னும் இருக்கிறது.

இப்போது தமிழுக்கு வாருங்கள். நெஞ்சுரம் என்பதில் உள்ள உரம் எது? வலிமை. வயலுக்குப் போடுவது? அதுவும் உரம். மொழிப்பித்தன் ஐயா எடுத்த அதே அதிகாரத்தின் கடைசிக் குறள், 600, எப்படித் தொடங்குகிறது? ‘உரமொருவற்கு உள்ள வெறுக்கை.’ ஒருவருக்கு வலிமை என்பது ஊக்க மிகுதியே என்று பொருள். உரமும் உள்ளமும் பக்கத்தில் பக்கத்தில். அதனால் என் ஓட்டு ‘உரமூட்டு’ என்பதற்கு. ஆங்கிலச் சொல்லின் இரண்டு பொருளையும் தாங்குகிற தமிழ்ச் சொல் வேறு எது இருக்கிறது?

மொழிப்பித்தன்:
ஆகா! இது எனக்குத் தோன்றவே இல்லை. வழிமொழிகிறேன்.

நிலாவாசகி:
கண்டுபிடிப்பு அழகு, மறுக்கவே இல்லை. ஆனால் சொல்தேடி எழுதுவது மருத்துவக் கட்டுரை. ‘நோயாளிகளின் முன்னேற்றம் மருத்துவர்களின் நெஞ்சுக்கு உரமூட்டியது’ என்று எழுதினால் மைக் முன்னால் யாரோ தொண்டையைச் செருமுவது கேட்கிறது. மூலத்தில் அந்த வாக்கியம் அடக்கமாக இருக்கிறது. கொஞ்சம் புத்தக வாடை உண்டு, முழக்கம் கிடையாது. வேர் பொருந்துகிறது என்பதற்காகத் தொனியை விட்டுக்கொடுக்க முடியுமா?

ஏர்முனை:
நீங்கள் ‘நெஞ்சுக்கு’ என்று சேர்த்ததால்தான் மைக் கேட்கிறது. அதை எடுத்துவிட்டுப் படியுங்கள்.

நிலாவாசகி:
‘முன்னேற்றம் மருத்துவர்களுக்கு உரமூட்டியது.’ இப்போது மருத்துவர்கள் முளைத்து வளர்கிறார்கள்.

கடைசிபெஞ்ச்:
😂 இந்தச் சண்டைக்காகவே இந்த இழையைச் சேமித்து வைக்கிறேன்.

பிழைதிருத்தி:
ஏர்முனை சொன்னதை வேறு இடத்துக்கு வைத்துக்கொள்ளலாம். ஷேக்ஸ்பியரின் அந்தப் பையன் பேசும் வரியை மொழிபெயர்த்தால் ‘உங்களுக்காகப் போரிடுவோர்க்கு உரமூட்டுங்கள்’ என்பது அருமையாக உட்காரும். போர்க்களம், மேடை, இளவரசன், எல்லாம் அதைத் தாங்கும். டாக்டர்களுக்குத் ‘தெம்பு’ போதும். உடம்பு தேறும்போதும் தெம்பு என்கிறோம், மனசு தேறும்போதும் தெம்பு என்கிறோம். நிலாவாசகி சொன்ன முன்கதையும் அதில் இருக்கிறது, ஏனென்றால் தெம்பு இழந்து கிடந்தவனுக்குத்தான் தெம்பு வரும்.

‘ஆறுதல்’ வேண்டாம் என்றும் சொல்லி வைக்கிறேன், யாராவது அதை எடுத்துக்கொண்டு வருவதற்குள். ஆறுதல் நடந்து முடிந்த இழப்பைப் பார்த்துச் சொல்வது. தெம்பு வரப்போவதைப் பார்க்கிறது.

சொல்தேடி:
சரி, இப்படி வைத்திருக்கிறேன். பாருங்கள்.

‘முதல் சில நோயாளிகள் தேறி வருவதைக் கண்டது மருத்துவர்களுக்குத் தெம்பு அளித்தது. ஆனாலும் எதையும் உறுதியாகச் சொல்ல இன்னும் பல மாதங்கள் பொறுக்க வேண்டும் என்கிறார்கள்.’

நிலாவாசகி:
‘கண்டது அளித்தது’ என்று இரண்டு ‘தது’ இடிக்கிறது. ‘நோயாளிகள் தேறி வருவதைக் கண்டதில் மருத்துவர்களுக்குக் கொஞ்சம் தெம்பு வந்திருக்கிறது’ என்று பாருங்கள். அந்தக் ‘கொஞ்சம்’ ஆங்கிலத்தில் எழுதப்படவில்லை, ஆனால் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அடுத்த வாக்கியத்துக்கும் வழி விடுகிறது.

சொல்தேடி:
எடுத்துக்கொண்டேன். நன்றி அக்கா. பதிப்பாசிரியர் ‘தெம்பு’ பேச்சு வழக்கு என்று சொன்னால் ‘நம்பிக்கை’ என்று மாற்றிக்கொள்கிறேன், மனசே இல்லாமல்.

இரவுப்பறவை:
நம்பிக்கையும் தவறில்லை. அறிக்கைகளில் ‘வி ஆர் ஹார்ட்டன்ட் பை’ என்று அமைப்புகள் எழுதும்போது அதுதான் பொருத்தம். அந்த வாக்கியத்தின் வசதியே வேறு: நடந்தது பிடித்திருக்கிறது என்று சொல்லியாயிற்று, இனி என்ன செய்வோம் என்று ஒரு வார்த்தை தரவில்லை. ‘நம்பிக்கை அளிக்கிறது’ என்று தமிழ் அறிக்கைகளும் அதே சாமர்த்தியத்தைச் செய்கின்றன.

புதுவரவு:
இந்த இழை முழுக்கப் படித்தேன். என் தோழி தேர்வில் தோற்றுச் சோர்ந்து போயிருக்கிறாள். நாங்கள் ஆங்கிலத்தில்தான் எழுதிக்கொள்வது வழக்கம். ‘ஐ வான்ட் டு ஹார்ட்டன் யூ’ என்று தொடங்கலாமா?

கடைசிபெஞ்ச்:
வேண்டாம் நண்பா. அவள் அகராதி தேடப் போய்விடுவாள்.

பிழைதிருத்தி:
இலக்கணப்படி தப்பில்லை. ஆனால் இது பலனைச் சொல்லும் வினை. தெம்பு வந்ததா இல்லையா என்பது வாங்கியவர் சொல்ல வேண்டியது. ‘உனக்கு இப்போது தெம்பூட்டப் போகிறேன்’ என்று தமிழில் கடிதம் தொடங்கினால் எப்படி இருக்கும்? அதே கதிதான் ஆங்கிலத்திலும். நீங்கள் சொல்ல வந்ததை நேராக எழுதுங்கள்: அவள் எந்தப் பாடத்தில் நன்றாகச் செய்திருக்கிறாள், அடுத்த தடவை எங்கே மாற்ற வேண்டும் என்று. ‘யுவர் லெட்டர் ஹார்ட்டன்ட் மீ’ என்பது அவள் பதிலில் வரட்டும்.

புதுவரவு:
புரிந்தது சார். கணக்கில் அவள் போன தடவையை விட நன்றாகவே எடுத்திருக்கிறாள். அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.